லேசர் கேப் என்று தனியாக ஒரு கேப் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் லேசர் பல் சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதே பக்கத்தின் கீழ் மூலையில் 'வலியில்லா லேசர் கேப்' என்று ஒரு விளம்பரமும் இருந்தது. கேப் என்றால் பல்லின் மேல் மாட்டும் உறை. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு அன்றைக்கே என் அத்தை போன் செய்தார். "ஏம்ப்பா, லேசர்ல கேப் போட்டா ஆயுசுக்கும் அசையாதாமே, உங்க லேப்ல அது செய்றீங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு சின்ன பல் லேப் நடத்துகிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவை (அதாவது பல்லின் அச்சை) வைத்து கேப், பிரிட்ஜ், பல்செட் செய்து கொடுப்பது எங்கள் வேலை. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்கும் தனிப் பதிவேடு ஏற்படுத்தியது. ஆனால் நோயாளியின் வாயில் கைவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. இருக்கவும் கூடாது. அதனால் டாக்டர்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. என் மேசைக்கு வந்து சேருவது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அத்தையின் கேள்விக்கு வருகிறேன். வாயில் வைக்கும் லேசரால் யாரும் கேப் செய்வதில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப் உண்டு, சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் கேப் உண்டு, முழு உலோகக் கேப்பும் இன்னும் உண்டு. விளம்பரத்தில் வரும் லேசர், பெரும்பாலும் அளவு எடுப்பதற்கு முன் ஈறை விலக்கப் பயன்படும் கருவி. அந்த வேலை ஒரு பல்லுக்கு ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு லேசருக்கு அங்கே வேலை இல்லை. கேப் நிற்பதும் விழுவதும் வேறு விஷயம்.

அது என்ன விஷயம் என்று கேட்டால், ஒரு கோடுதான். கேப் போடுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் செதுக்குவார்கள். செதுக்கிய இடம் முடிந்து செதுக்காத பல் தொடங்கும் கோட்டுக்கு மார்ஜின் என்று பெயர். கேப்பின் விளிம்பு அந்தக் கோட்டில் இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். 1971-இல் மெக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் என்ற இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப்களை ஐந்து ஆண்டுகள் பார்த்துவிட்டு, விளிம்பில் 120 மைக்ரான் வரை இடைவெளி இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அதாவது 0.12 மில்லிமீட்டர். இன்றைக்கும் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு அதுதான். அதைத் தாண்டிய இடைவெளியில் பசை கரைந்து போகும், சோறு புகும், உள்ளே சொத்தை பிடிக்கும். வேர் சிகிச்சை செய்த பல்லாக இருந்தால் வலிகூடத் தெரியாது. ஒருநாள் கேப்போடு சேர்ந்து பாதிப் பல்லும் கையில் வரும்.

சிக்கல் என்னவென்றால், பல நேரம் இந்தக் கோடு ஈறுக்குக் கீழே அரை மில்லிமீட்டர் இறங்கி இருக்கும். ஈறு அதன்மேல் மூடிக்கொண்டிருக்கும். கூடவே கொஞ்சம் இரத்தம், கொஞ்சம் ஈரம். அளவு எடுக்க ட்ரேயில் வைத்துப் பல்மேல் அழுத்தும் சிலிக்கான் பசைக்கு ஈரம் என்றாலே ஆகாது. ஈறு விலகாமல் அது உள்ளே போகாது. சும்மா பெயருக்கு விலகினாலும் போதாது. குறைந்தது 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதைவிட மெல்லியதாக உள்ளே போன சிலிக்கான், ட்ரேயை இழுக்கும்போது கிழிந்து அங்கேயே தங்கிவிடும். எங்களுக்கு வந்து சேர்வது கிழிந்த விளிம்புதான்.

இதற்கு நெடுங்காலமாக இருக்கிற வழி கார்டு. மெல்லிய பின்னல் நூல். 000-லிருந்து 3 வரை பல பருமன்களில் வரும். அலுமினியம் குளோரைடு அல்லது ஃபெரிக் சல்பேட்டில் நனைத்து, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தட்டையான கருவியால் மெல்ல அழுத்தி நுழைப்பார்கள். ஐந்து நிமிடமாவது விட்டு, எடுத்த கையோடு அளவு எடுக்க வேண்டும். நூலை எடுத்த அரை நிமிடத்துக்குள்ளேயே ஈறு திரும்ப மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். காய்ந்த நூலை நனைக்காமல் இழுத்தால் நின்ற இரத்தம் மறுபடி வரும். அட்ரினலின் ஏற்றிய நூலும் உண்டு. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாம் என்று விவரம் தெரிந்த டாக்டர்கள் அதைத் தொடுவதே இல்லை. நூலுக்குப் பதில் களிமண் போன்ற பசையும் வந்திருக்கிறது. கரண்ட் கத்தியும் உண்டு. ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அது ஆகாது, பக்கத்தில் உலோகம் இருந்தாலும் தொந்தரவு. நூல் மலிவு, பழகிய கைக்கு நன்றாகவே வேலை செய்யும். எரிச்சலூட்டும் வேலை என்பதும் உண்மை. நான்கு பல், ஆறு பல் என்று வரிசையாகப் போடும்போது கடைசிப் பல்லுக்கு வருவதற்குள் முதல் பல்லில் இரத்தம் கசிய ஆரம்பித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் லேசர் உதவுகிறது. முன்பற்களுக்கு ஷேடு, அதாவது நிறம், பார்க்க டாக்டர்கள் எங்களைக் கிளினிக்குக்கு அழைப்பதுண்டு. அப்படிப் போன ஒரு நாளில் டையோடு லேசர் என்ற ஒரு வகையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். டாக்டர், உதவியாளர், நோயாளி, நான் என்று எல்லோருக்கும் கண்ணாடி. அதுவும் ஏதோ ஒரு கறுப்புக் கண்ணாடி இல்லை, அந்த லேசரின் அலைநீளத்துக்கென்றே வருவது. முனை 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழை. கேப் பொருத்தியதும் கடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு நீலத் தாளைக் கொடுப்பார்களே, அந்தத் தாளில் முனையை வைத்து லேசரை ஓடவிட்டுக் கறுக்கச் செய்தார். அப்போதுதான் சூடு முனையிலேயே நிற்குமாம். அப்புறம் ஈறின் உள்விளிம்பை ஒட்டி, அழுத்தாமல், எந்த இடத்திலும் நிறுத்தாமல் பல்லைச் சுற்றி வந்தார். முடி கருகும் வாசம் லேசாக வந்தது. உதவியாளர் உறிஞ்சு குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இரத்தம் ஒரு துளிகூட இல்லை. பல்லைச் சுற்றி மெல்லிய அகழி, அதன் அடியில் மார்ஜின் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் அந்த அளவு லேப்புக்கு வந்தபோது எங்கள் பையன்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மார்ஜினோடு நின்றுவிடாமல், அதையும் தாண்டி லைட் பாடி எனும் இளக்கமான சிலிக்கான் உள்ளே இறங்கிச் சுற்றிலும் ஜரிகைக் கரை போல நின்றது. எங்கும் கிழிசல் இல்லை, குமிழி இல்லை. இப்படி ஒரு அளவு வந்தால் டை ட்ரிம் (மாடல் பல்லின் விளிம்பைச் சீவித் தெளிவாக்குவது) வேலையாகவே தெரியாது. மாடல் ஊற்றி, அந்தப் பல்லை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, ஈறு இருந்த இடத்தைக் கார்பைடு பர் என்ற சுழலும் சிறு கருவியால் தேய்த்து நீக்குவோம். மார்ஜின் தானாக எழுந்து நிற்கும். அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு சுற்று. கை ஒரு இடத்திலும் தயங்காது.

ஆகவே லேசர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் சீக்கிரம் கசியும் ஈறு, பல பற்கள் ஒன்றாகச் செதுக்கிய வாய், உடைந்த பல்லின்மேல் ஏறி வளர்ந்துவிட்ட ஈறு என்று வரும்போது அது கைகொடுக்கும். ஆனால் உங்கள் கட்டுரையில் சில விஷயங்கள் விடுபட்டுவிட்டன.

லேசர் என்றால் ஒன்றல்ல. நம் ஊர்க் கிளினிக்குகளில் அதிகம் இருப்பது டையோடு லேசர். அதன் அலைநீளம் 810, 940, 980 நானோமீட்டர் என்று பெட்டிக்குப் பெட்டி மாறும். சின்னப் பெட்டி, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. எர்பியம் லேசர் பெரும்பாலும் 2,940 நானோமீட்டர். அது ஈறை மட்டுமல்ல, பல்லையும் வெட்டும். முனை தவறிச் செதுக்கிய விளிம்பில் பட்டால் அங்கே பள்ளம் விழும். கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டர். அதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர் என்பதை என் மகனிடம் பெருமையாகச் சொல்வேன். அவனோ அதைவிட அந்தப் பெட்டியின் விலை என்ன என்று கேட்பான்.

அடுத்ததுதான் முக்கியம். டையோடு லேசரின் ஒளியைப் பிடித்துக்கொள்வது இரத்தத்தின் ஹீமோகுளோபினும் மெலனினும். மெலனின் என்பது தோலுக்கும் ஈறுக்கும் கறுப்பு நிறம் தரும் பொருள். வெளுத்த, இளஞ்சிவப்பு ஈறு அந்த ஒளியைக் குறைவாகத்தான் பிடிக்கும். நம்மில் பலருக்கு ஈறு கருநீலமாகவோ பழுப்பாகவோ இருக்கும். அது நோய் அல்ல, நம் நிறம். அந்த ஈறு அதே ஒளியைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் சூடாகும். வெளிநாட்டில் வெளுத்த ஈறை வைத்து லேசரின் சக்தி இத்தனை வாட் என்று சொல்லியிருந்தால், நம் ஊர் ஈறுக்கு வாட்டைக் குறைக்க வேண்டும், கையை இன்னும் வேகமாக நகர்த்த வேண்டும். நான் பார்த்த டாக்டர் நோயாளியின் உதட்டைத் தூக்கி, ஈறின் நிறத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் எண்ணைக் குறைத்தார். பெட்டியை வாங்கும்போது கிடைக்கிற அரைநாள் பயிற்சியோடு எல்லோரும் இதைச் செய்வார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

முன்பல்லில் ஈறு மெல்லியதாக இருப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நூல் ஈறை ஒதுக்குகிறது, லேசர் கொஞ்சத்தை எடுத்துவிடுகிறது. கனமான ஈறு திரும்ப வந்துவிடும். மெல்லிய ஈறு சூடுபட்டால் பழைய உயரத்துக்கு வராமல் போகலாம். அப்புறம் உலோகக் கேப்பாக இருந்தால் சிரிக்கும்போது ஈறோரம் கறுப்புக் கோடு தெரியும். பழி கேப் செய்த எங்கள் தலையில் விழும். நூலை முரட்டுத்தனமாகத் திணித்தாலும் இதே கதைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, ஆழம். எலும்புக்கு மேலே ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் பகுதி சராசரியாக 2 மில்லிமீட்டர். அதில் கேப்பின் விளிம்பு போய் உட்கார்ந்தால் ஈறு ஆறவே ஆறாது. எப்போதும் சிவந்து, தொட்டால் இரத்தம் வரும். லேசரில் வெட்டுவது சுலபமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கீழே போகத் தோன்றும். மார்ஜின் அவ்வளவு ஆழத்தில் இருந்தால் எலும்பையும் சேர்த்துத் திருத்தும் ஈறு அறுவை சிகிச்சைதான் வழி. டையோடு லேசர் எலும்பைத் திருத்தாது.

சரி, இவ்வளவும் டாக்டர்களின் விஷயம். எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், லேசரோ நூலோ எதுவும் வைக்காமல், மேலே தெரிந்தவரைக்கும் அளவு எடுத்து அனுப்பும் வழக்கத்தில்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு கிளினிக்கிலிருந்து கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு அளவு வந்தது. கிளினிக்கின் பெயர் வேண்டாம். வாசலில் லேசர் என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள், ரசீதிலும் லேசருக்குத் தனிக் கட்டணம் இருப்பதாக அங்கே வேலை செய்கிறவரே சொன்னார். அளவைத் திருப்பிப் பார்த்தால் நாக்குப் பக்கம் மார்ஜினே இல்லை. இரத்தம் உறைந்த இடத்தில் சிலிக்கான் வழுக்கி, மழமழவென்று உருண்டையாக நின்றது. போன் செய்தேன். "டாக்டர், லிங்குவல் பக்கம் மார்ஜின் தெரியலைங்க, இன்னொரு அளவு எடுக்க முடியுமா?" என்றேன். "பேஷன்ட் தேனி பக்கத்துலேர்ந்து வர்றாங்க, திரும்பக் கூப்பிட முடியாது. நீங்களே பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று பதில் வந்தது.

அட்ஜஸ்ட் என்றால் என்ன தெரியுமா? எங்கே கோடு இருக்கும் என்று நானே ஊகித்து, பென்சிலால் வரைந்து, அதற்கு ஒரு கேப் செய்வது. வாயில் பொருத்தினால் நன்றாகவே உட்காரும், கடித்தால் சரியாக இருக்கும், நிறமும் பொருந்தும். நோயாளி சந்தோஷமாகப் போவார். ஊகம் தவறியிருந்தால் இரண்டு மூன்று வருடம் கழித்து அடியில் சொத்தை தெரியும். அப்போது யாருக்கும் இந்த அளவு ஞாபகம் இருக்காது. நான் அந்த வேலையைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கிளினிக் இப்போது வேறு லேப்புக்கு வேலை கொடுக்கிறது. இதுதான் எங்கள் தொழிலின் நிலைமை. மார்ஜின் இல்லாத அளவைத் திருப்பி அனுப்புகிற லேப் வேலையை இழக்கும், வாயை மூடிக்கொண்டு செய்கிற லேப் பிழைக்கும். டாக்டர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பஸ் ஏறி மூன்று மணி நேரம் வந்த ஒரு அம்மாவை இன்னொரு தரம் வா என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனால் நூல் வைக்கப் பத்து நிமிடம் அன்றைக்கே ஒதுக்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இப்போது வாய்க்குள் வைத்துப் பல்லைப் படம் எடுக்கும் ஸ்கேனர் வந்துவிட்டதே, சிலிக்கான் அளவே வேண்டாமே என்பார்கள். ஸ்கேனரும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் படம் எடுக்கும். ஈறுக்கு அடியில் மறைந்திருப்பதை அது ஊடுருவிப் பார்க்காது. சிலிக்கானையாவது அழுத்தி உள்ளே தள்ளலாம், ஒளியை அப்படித் தள்ள முடியாது. இரத்தம் தேங்கினால் அங்கே படம் பிசிறடிக்கும். ஆனால் மென்பொருள் சும்மா இருக்காது. தெரியாத இடத்திலும் தானாக ஒரு கோடு போட்டுக் காட்டும். திரையில் பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கோட்டை நம்பி மில்லிங் (மெஷினில் கேப்பைக் கடைவது) கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட லேப்கள் நிறைய. ஆக, ஸ்கேனர் வந்தபிறகு ஈறை விலக்கும் வேலை இன்னும் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

கடைவாய்ப் பற்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மார்ஜினை ஈறுக்கு மேலேயே நிறுத்திவிடலாம். முன்பு உலோகம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக விளிம்பை ஈறுக்கு அடியில் ஒளித்தார்கள். சிர்கோனியா பல்லின் நிறத்திலேயே வருகிறது. கடைசிப் பல்லின் ஓரத்தை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? சொத்தையோ உடைசலோ ஈறுக்குக் கீழே போகாத பல்லில் விளிம்பை மேலே வைத்தால் பெரும்பாலும் நூலும் வேண்டாம், லேசரும் வேண்டாம். பிரஷ் போய்ச் சேரும், ஈறும் நிம்மதியாக இருக்கும். எனக்கு வேலை அனுப்பும் ஒரு வயதான டாக்டர் முடிந்தவரை இப்படித்தான் செய்கிறார். அவரிடம் லேசர் இல்லை. அவர் அனுப்பும் அளவுகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்ததாக எனக்கு நினைவே இல்லை.

அத்தைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: டாக்டரிடம் லேசர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அளவு எடுத்ததும், "சுத்தி விளிம்பு நல்லா வந்திருக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் அளவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டுவார், ஸ்கேன் என்றால் திரையைத் திருப்பிக் காட்டுவார். விளிம்பு வரவில்லை என்று அவரே இன்னொரு அளவு எடுத்தால் முகம் சுளிக்காமல் உட்காருங்கள். ஒரு வாரம் ஈறு ஆறட்டும், அப்புறம் வாருங்கள் என்றாலும் போய்விட்டு வாருங்கள். தற்காலிகக் கேப் உரசி ஈறு வீங்கியிருக்கும்போது எந்த லேசராலும் நல்ல அளவு கிடைக்காது. அத்தை கடைசியில், "அப்ப லேசருக்குன்னு தனியா காசு குடுக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டார். "எந்தப் பல்லுக்கு, எதுக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. காரணம் சொன்னா குடுங்க" என்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் அடுத்த முறை மருத்துவப் பக்கத்தில் கேப் பற்றி எழுதும்போது, கருவியின் படத்துக்குப் பதிலாக, மார்ஜின் தெளிவாக வந்த ஒரு மாடலையும் வராத ஒரு மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். மாடலுக்கு நீங்கள் அலைய வேண்டாம். இரண்டு வகையும் எங்கள் லேப் அலமாரியில் நிறையவே கிடக்கிறது. டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் நீக்கிவிட்டு நானே உங்கள் மதுரை அலுவலகத்தில் கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் லேப் தொழில்நுட்பர்,
மதுரை.